பாணிப் போத்தலில் இரண்டு கோடுகள்

மகளுக்கு அப்போது ஏழு மாதம். செவ்வாய்க்கிழமை காலை 102 பாகை காய்ச்சல். சளிக்காய்ச்சல்தான் என்றார் டொக்டர். காய்ச்சல் இருந்தால் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு கரண்டி பாணி மருந்து. ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் கூடவே கூடாது. நான் அதை ‘நாலு தரம்’ என்று ஒரு தாளில் சுருக்கி எழுதிக் குசினி அலுமாரியில் ஒட்டினேன்.

எங்கள் பக்க வழக்கப்படி கலியாணம் முடித்த நான் இருப்பது மனைவியின் உம்மா, மாமியின் வீட்டில். மனைவியும் காய்ச்சலில் படுத்துவிட்டதால், நான் கந்தோர் வேலைக்குப் போனபின் பிள்ளை மாமியின் கையில். இங்கிலீஷ் மருந்து பிள்ளையின் வயிற்றைச் சுடும் என்று முதல்நாளே முணுமுணுத்தவர் அவர்.

புதன்கிழமை விடியற்காலை ஸுபஹுத் தொழுகை நேரம் 103. மருந்தைக் கொடுத்துவிட்டு, போத்தலில் பேனையால் ஒரு கோடு போட்டேன். மாலையில் காய்ச்சல் இல்லை. வியாழன் ஸுபஹுக்கு மறுபடி 103. மறுபடி கொடுக்க எடுத்த போத்தலிலோ, மருந்து கோட்டிலிருந்து வெகுவாக இறங்கியிருந்தது. குசினியில் கொத்தமல்லி அவித்த வாசம்.

எனக்கு விளங்கிவிட்டது. மருந்தைத் தண்ணீர்ப் பீலியடியில் ஊற்றிவிட்டு மாமி பிள்ளைக்குக் கஷாயம் பருக்குகிறார். மாலையில் காய்ச்சல் இறங்குவதை ‘கஷாயத்தின் தற்காலிக வேலை’ என்று கொப்பியில் எழுதினேன். மாமியிடம் கேட்கவில்லை. மருமகன் கேட்கிற கேள்வியா அது?

அன்று அரைநாள் லீவு போட்டு, பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிச் சற்று நேரத்தில் சத்தமில்லாமல் வீட்டுக்குள் வந்தேன். மாமி தொழுது முடித்து ஸலாம் கொடுத்தார். எழும்பினார். போத்தலை எடுத்து, கரண்டியின் கோடு வரை கண்ணுக்கு நேரே பிடித்து அளந்து, பிஸ்மி சொல்லிப் பிள்ளைக்குப் பருக்கினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. சும்மா கேட்பதுபோல, இது எத்தனையாவது தரம் என்றேன்.

“ரெண்டாவது மகன். பகல் லுஹருக்கு ஒண்டு குடுத்த. இனி மஃரிபுக்கும் இஷாவுக்கும் இருக்கு. நீங்கதானே நாலு தரமெண்டு எழுதி ஒட்டின.”

அந்தி மஃரிபுக்கும் இரவு இஷாவுக்கும் இடையில் ஒன்றேகால் மணித்தியாலம். அந்த இரண்டு தொழுகை வக்துக்கும் நான் பள்ளிவாசலில் இருப்பேன். ஸுபஹுக்கு நான் கொடுத்தது மாமிக்குத் தெரியாது. ஆக, ஐந்து. இஷாவிலிருந்து ஸுபஹு வரை ஒன்றுமில்லை; விடிய 103 அதனால்தான்.

கொத்தமல்லி யாருக்கு என்று கேட்டேன்.

“எனக்குத்தான்,” என்றாள் மனைவி, அறைக்குள் படுத்தபடி. “போத்தலுக்குக் கோடு போடத் தெரிஞ்ச ஆளுக்கு, உம்மாக்கிட்ட ஒரு சொல்லுக் கேக்கத் தெரியல்ல.”

உடனே பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்; அந்த மருந்து அளவுக்கு மிஞ்சினால் ஈரலைத் தாக்கும் என்று இரத்தம் எடுத்தார்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தது என்று டொக்டர் கேட்டார். என் கொப்பியில் காய்ச்சலின் அளவு நிமிடம் தவறாமல் இருந்தது. மாமி கொடுத்த ஒரு கரண்டிகூட இல்லை. மாமிதான் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். ஈரலுக்கு ஒன்றுமில்லை என்ற சொல் மறுநாள் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குச் சற்று முன்புதான் வந்தது.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, மணிக்கணக்கை எழுதி ஒட்டினேன். சனிக்கிழமை காலை போத்தலை எடுத்தபோது, மருந்து நின்ற மட்டத்தில் புதிதாக ஒரு கோடு. பேனைக் கோடு அல்ல. தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டியது மாமி கண்ணுக்கு இடும் சுறுமா.