பச்சைப் பப்பாளி போட்ட டினோலா

போன வாரம் இந்தியக் கடை ஃப்ரீசரில் ஒரு முருங்கைக்கீரை பாக்கெட் கையில் அகப்பட்டது. பிலிப்பைன்ஸ் தயாரிப்பு. விரல் மரத்துப்போகிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்ற பெண், "அங்கிள், எடுக்கறீங்களா இல்லையா?" என்றாள். எடுக்கவில்லை. திரும்ப வைத்துவிட்டு, எதற்கு வந்தேன் என்பதையும் மறந்து, வெறுங்கையோடு காருக்குப் போனேன்.

தொண்ணூற்றெட்டில் கலிபோர்னியா சன்னிவேலில் எங்களுக்கு மாடி அபார்ட்மென்ட். பக்கத்துக் கதவு மெர்லியுடையது. பிலிப்பைன்ஸ்காரர், ஐம்பது வயதிருக்கும், முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். அந்த ஊரில் என் மனைவி சுதாவுக்கு வாய்விட்டுப் பேச இருந்த ஒரே ஆள் அவர்தான். நான் பகலெல்லாம் ஆபீஸ், ராத்திரியெல்லாம் ஆபீஸைப் பற்றிய புலம்பல்.

சுதா அப்போது நாலு மாதம். எது உள்ளே போனாலும் வாந்தி. என் ரசத்தின் வாசனை வந்தாலே பாத்ரூமுக்கு ஓடுவாள். அந்த ரசத்துக்கு மாசமாக இல்லாதவர்களும் ஓடியிருப்பார்கள், அது வேறு கதை.

ஒருநாள் மெர்லி ஒரு பாத்திரத்தோடு வந்தார். டினோலாவாம். இஞ்சியைக் குச்சி குச்சியாக நறுக்கி வதக்கி, கோழியைப் போட்டு, அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவைத்த சாறு. நடுவில் சௌசௌ துண்டுகள். மேலே கீரை. சுதா மூடியைத் திறந்தவள் அப்படியே அழுதுவிட்டாள்.

"ஏங்க, முருங்கக்கீரைங்க! நம்மூரு கீரைங்க இது!"

இரண்டு கிண்ணம் குடித்தாள். வாந்தி வரவில்லை. எனக்கு மெர்லியின் காலில் விழலாம் போலிருந்தது.

பிறகு நானே கற்றுக்கொண்டேன். முதல் தடவை கை சும்மா இராமல் மஞ்சள்தூளைப் போட்டுவிட்டேன். ஈரோட்டுக்காரனுக்கு மஞ்சள் போடாத கோழி ஒரு கோழியா? மெர்லி எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, உன் கோழிக்கு ஜாண்டிஸ்!" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். சுதாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு பிறகு கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை கடையில் சௌசௌ இல்லை. தங்கள் ஊரில் பச்சைப் பப்பாளிதான் போடுவார்கள் என்று மெர்லி எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. வாங்கிவந்துவிட்டேன். கத்தியை வைத்ததும் கை நின்றது. நம் பக்கம் மாசமாக இருப்பவள் கண்ணிலேயே பப்பாளியைக் காட்டமாட்டார்கள். எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் நான்தான் எம்.எஸ். படித்த மேதாவியாச்சே. மூடநம்பிக்கை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நறுக்கிப் போட்டேன். வெந்தபிறகு சௌசௌ போலவேதான் இருந்தது. சுதாவிடம் சொல்லவில்லை.

"இன்னிக்கு நல்லா வந்திருக்குங்க" என்று இன்னொரு கிண்ணம் கேட்டாள்.

ஒன்பதாம் நாள் ஸ்கேனில் குழந்தைக்குத் துடிப்பு இல்லை. குழந்தையின் இதயத்தில் ஆரம்பத்திலிருந்தே கோளாறு, சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, யார் மேலும் தப்பில்லை என்று டாக்டர் இரண்டு தரம் சொன்னார். படித்த எம்.எஸ். அன்றைக்கு எங்கே போனதோ, ஒரு வார்த்தைகூட என் மண்டையில் ஏறவில்லை. கண்ணை மூடினால் பப்பாளிதான் தெரிந்தது.

ஊரிலிருந்து அம்மா போன் பண்ணினாள். "ஏங்கண்ணு, அவளுக்கு என்னத்தத் திங்கக் குடுத்தே?"

"சூப்புல பப்பாளி இருந்துச்சும்மா."

"அடப் பாவி! யாரு வெச்ச சூப்பு அது?"

சோபாவில் படுத்திருந்த சுதா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"பக்கத்து வீட்டம்மா" என்றேன்.

சாயங்காலம் மெர்லி வழக்கம்போலப் பாத்திரத்தோடு வந்தார். சுதா கதவை மறித்து நின்றுகொண்டு, பப்பாளியைக் கொடுத்து என் பிள்ளையைக் கொன்றுவிட்டாய் என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் கத்தினாள். மெர்லி அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்குத் தான் ஒருநாளும் பப்பாளி போட்டுக் கொடுத்ததில்லை என்று அவருக்குத் தெரியும். போட்டது யார் என்பதும் அந்த நிமிஷத்தில் தெரிந்திருக்கும். நான் கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஐயம் ஸோ சாரி, ஹனி" என்று சுதாவிடம் சொல்லிவிட்டுப் பாத்திரத்தோடு திரும்பிப் போனார். இரண்டு மாதத்தில் வீட்டையே காலி பண்ணிவிட்டார்.

நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதிலேயே என் வயது போய்விட்டது. அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை தங்கவில்லை. சுதா இந்த நாட்டில் அதற்கப்புறம் யார் வீட்டிலும் கை நனைத்ததில்லை. ஆளுக்கொரு பண்டம் கொண்டுபோகிற பாட்லக் விருந்து என்றால்கூடத் தனியாக ஒரு டப்பாவில் தயிர்சாதம். "அவளுக்கு ஆசாரம் ஜாஸ்தி" என்று எல்லாரிடமும் சமாளிப்பேன். வெட்கங்கெட்டவன்.

போன வருஷம்தான் சொன்னேன். திட்டுவாள், அடிப்பாள், கிளம்பிப் போய்விடுவாள் என்று எதற்கும் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவளோ, "அவங்க ஒரு வார்த்த சொல்லலையேங்க" என்றாள். "நீங்கதான்னு தெரிஞ்சும் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம போனாங்களே. அவங்களப் போயி நான்..."

மறுநாள் காலையில் மெர்லியைத் தேடிப் பார்க்கலாம் என்று காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். அபார்ட்மென்ட்டை இடித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவர் வேலை பார்த்த முதியோர் இல்லத்தின் பேரை நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை.

"அவங்க முழுப்பேரு என்னங்க?" என்றாள் சுதா.

எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.