சுருண்டுகொண்ட ரஜாய்

முனிரத்தினம் போய்விட்டான் என்ற செய்தியை ஒரு ஜட்கா வண்டிக்காரர் கொண்டுவந்தார். ஊரின் மறுகோடியில் இருக்கும் ஒக்கலிபுரத்திலிருந்து அல்சூர் வரைக்கும் ஒரு சவாரியும் ஏற்றாமல் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் தையற்கடை வாசலில் நிறுத்தினார். "ரத்தினத்தண்ணன் காலையில டீ கேட்டாரு. டீ வர்றதுக்குள்ள பூட்டாரு. ஏறுங்க பெரியவரே, கூட்டிம்போறேன்" என்றார். நான் ஏறி உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. நான் செத்தால் எனக்காக யார் இப்படி ஊரைத் தாண்டி வண்டி ஓட்டிக்கொண்டு வருவார்கள் என்றுதான் நினைத்தேன். ரத்தினத்தைப் பற்றி எது கேட்டாலும் எனக்கு முதலில் வருவது பொறாமை. சாவுச் செய்திக்கும் அதுவே வந்தது.

நம் மன்றத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்கு அவனைப் பற்றி ஏதாவது வேண்டும் என்றார்கள். எனக்கு எழுதவும் வராது, படிக்கவும் வராது. அளவு நாடாவில் உள்ள எண்கள் மட்டும் தெரியும். நான் சொல்லச் சொல்ல மன்றத்துச் செயலாளர் எழுதிக்கொள்கிறார். "நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க" என்று தொடங்கும்போதே சொல்லிவிட்டார். அவனைப் பற்றி நல்லதுதான் சொல்லப்போகிறேன். என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, அதை அவர் மாற்றாமல் எழுத வேண்டும்.

உங்களில் பாதிப் பேருக்கு ரத்தினத்தை ஜட்கா வண்டிகளுக்கு மெத்தை தைப்பவனாகத்தான் தெரியும். அதற்கு முன் அவனும் நானும் ஒரே கடையில் பட்டாளத்துக்குத் துணி தைத்தோம். நான் கோட்டுக்காரன், அவன் கால்சட்டைக்காரன். கால்சட்டை என்பது இரண்டு குழாய், அவ்வளவுதான். கோட்டுக்குத் தோள் உண்டு, மார்பு உண்டு, எல்லாவற்றுக்கும் மேலே காலர் உண்டு. காலர் கழுத்தைச் சுற்றித் தானாக மடிந்து உட்கார வேண்டும். அந்த வேலை எங்கள் கடையில் எனக்கு மட்டும்தான் வரும். அதனால் பெரிய கட்டிங் டேபிளின் மேல் உட்கார்ந்து தைக்கும் இடம் எனக்கு. ரத்தினம் கீழே பாயில்.

ஆனால் நடந்ததைக் கேளுங்கள். துரைமார் வந்து நான் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பார்கள். அப்படியே குனிந்து காலைப் பார்த்து, "பேண்ட் ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்பார்கள். எனக்கு வயிறு எரியும். ஒருநாள் ரத்தினம் என் முகத்தைப் பார்த்துவிட்டான். "கோச்சுக்காதண்ணே. காலரு சரியா இருந்தா யாரு கண்ணுக்கும் தெரியாது. கோணலா இருந்தாத்தான் கேப்பாங்க" என்றான். அவன் சொன்னது சரி. அந்த ஆறுதலையும் அவன் வாயால்தான் கேட்க வேண்டுமா என்று எனக்கு இன்னும் எரிந்தது.

வெள்ளைக்காரப் பட்டாளம் கப்பலேறிப் போனதும் கடை காலியானது. ஒன்பது பேர் தைத்த இடத்தில் நாங்கள் இரண்டு பேர் மிஞ்சினோம். காக்கியும் நீலமும் சிவப்புமாகக் கம்பளித் துணித் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. மார்கழிக் குளிர் தொடங்கியபோது முதலாளி எங்களைக் கூப்பிட்டார். "இந்தத் துண்டெல்லாம் ஒட்டுப்போட்டு, நடுவுல பஞ்சு வெச்சு ரஜாய் தைங்கப்பா. ஆளுக்கு ஒண்ணு. எவனோடது விலை போகுதோ அவன் இருக்கட்டும். ரெண்டு பேருக்குக் குடுக்க எங்கிட்ட வேலை இல்ல" என்றார். எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. ரத்தினத்துக்கு நாற்பது. இரண்டு பேருமே வாழ்நாளில் ஒரு போர்வை தைத்தது கிடையாது.

ரத்தினம் டேபிள் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, அரை டேபிள் குடு. இத்தினி பெரிய துணியைப் பாய் மேல எப்படிப் பரப்புவேன்?"

"நீ பரப்பறதுக்கு நான் இறங்கணுமா? கால்சட்டை தைச்ச எடத்துலயே தை."

"அட, ஓரமாத்தாண்ணே கேட்டேன்."

"ஓரத்துல கத்திரி இருக்குது."

"சரி, கத்திரியே படுத்துக்கட்டும்" என்று சிரித்துவிட்டுப் போனான். மெஷினுக்கும் துணி மூட்டைக்கும் நடுவே ஒரு முழ இடம் இருந்தது. அங்கே உட்கார்ந்து ஒரு முழங்காலைத் தூக்கி, துணியை அதன் மேல் போட்டு, ஒரு பக்கம் தைத்து முடித்ததும் இழுத்து அடுத்த பக்கத்தைப் போட்டு, எட்டு நாள் தைத்தான்.

அந்த முதல் ரஜாயில் இருந்த தப்புகளை இன்றைக்கும் விரல்விட்டுச் சொல்வேன். நீலத் துண்டு ஒன்று பழைய கால்சட்டையிலிருந்து வெட்டியது. அதன் ஜேபியைப் பிரிக்காமல் அப்படியே வைத்துத் தைத்துவிட்டான், போர்வையின் நடுவில் கைவிட ஒரு ஜேபி! கம்பளியின் ரோமம் ஒரு துண்டில் மேலே பார்த்தது, பக்கத்துத் துண்டில் கீழே பார்த்தது. அதனால் ஒரே காக்கி இரண்டு நிறமாகத் தெரிந்தது. பஞ்சு ஒரு மூலையில் இட்லி மாதிரி திரண்டிருந்தது. ஓரப்பட்டி நாலு விரற்கடை பற்றாமல் போய், கடைசி மூலையை வட்டமாக வெட்டிச் சமாளித்திருந்தான். இதெல்லாம் போதாதென்று, விரித்துப் போட்டால் இரண்டு நீள ஓரங்களும் உள்பக்கமாகச் சுருண்டன. தட்டினாலும் படியவில்லை. என்னுடையதோ தட்டு மாதிரி தட்டையாக, கோடு போட்டது போன்ற தையலோடு இருந்தது. அன்று நான் இரண்டு டீ குடித்தேன், அவனுக்கும் ஒன்று சொன்னேன். ஜெயித்தவன் வாங்கிக்கொடுக்கிற டீ அது.

மறுநாள் கண்டோன்மென்டில் நர்ஸிங் ஹோம் நடத்திய ஒரு மேட்ரனம்மா வந்தார். ஆங்கிலோ இந்தியச் சட்டைக்கார அம்மா, நல்ல ஆகிருதி. நோயாளிகளுக்குப் பன்னிரண்டு ரஜாய் வேண்டும் என்றார். என்னுடையதைத் தடவிப் பார்த்து "நைஸ்" என்றார். அப்புறம் ரத்தினத்தினுடையதைத் தூக்கிப் பார்த்தார், ஜேபிக்குள் கைவிட்டார், சிரித்தார். "இதிலே ஒரு ஆள் படுத்துப் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு என் டேபிளின் மேல் ஏறிப் படுத்து ரஜாயை இழுத்து மூடிக்கொண்டார். முதலாளி வாயைப் பொத்திக்கொண்டார். ஓரங்கள் இரண்டும் அந்த அம்மாளின் விலாவுக்கு அடியில் போய்ப் பதிந்துகொண்டன.

"ஏய் மேன்! இது என்னைக் கட்டிப் பிடிக்குது மேன்!"

புரண்டு பார்த்தார், ரஜாயும் கூடவே புரண்டது. "என் பேஷண்ட் எல்லாம் ராத்திரி உதைச்சு உதைச்சுத் தள்ளிடுவாங்க. இது போகாது. பன்னெண்டும் இப்படியே வேணும். இதை நான் எனக்கு எடுத்துக்கறேன்" என்று அதைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். நான் தைத்ததை மடித்துவைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

முதலாளிக்கு ஒரே குஷி. "இனிமே டேபிள் ரத்தினத்துக்கு. கன்னியப்பா, நீ கொஞ்ச நாள் கீழ உக்காரு" என்றார். கன்னியப்பன் என்பது நான். இறங்கினேன். ரத்தினம் மேலே ஏறத் தயங்கினான். "வேணாம் முதலாளி, அண்ணன் எடம்" என்றான். அந்தப் பெருந்தன்மையை நான் மன்னிக்கவே இல்லை.

டேபிளில் துணியைத் தட்டையாகப் பரப்பி அடுத்த ரஜாயைத் தைத்தான். சுருளவில்லை. அதற்கடுத்ததும் சுருளவில்லை. முதலில் சிரித்தான், அப்புறம் பயந்தான். தப்பெல்லாம் திரும்பச் செய்தால் சுருளும் என்று நினைத்து ஜேபி வைத்துத் தைத்தான். ரோமத்தை மாற்றி வைத்தான். பஞ்சை மூலையில் திரட்டினான். மூலையை வேண்டுமென்றே வட்டமாக வெட்டினான். முதல் ரஜாய் தைத்த அன்று போட்டிருந்த சட்டையைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு வந்தான். ஒன்றும் நடக்கவில்லை.

எனக்குக் காரணம் தெரியும். அவன் டேபிளில் துணியைப் பரப்பிய முதல் நாளே தெரிந்துவிட்டது. காலர் தைக்கும்போது துணியை விரலின் மேல் வளைத்துப் பிடித்துத் தைப்போம். வளைவுக்கு வெளிப்பக்கம் இருக்கும் துணி கொஞ்சம் அதிக நீளம் எடுக்கும், உள்பக்கம் இருப்பது குறைவாக எடுக்கும். தைத்து முடித்துக் கையை எடுத்தாலும் துணி அந்த வளைவிலேயே நிற்கும். காலர் கழுத்தைப் பிடித்து உட்காருவது அதனால்தான். ரத்தினத்தின் முழங்கால் அதே வேலையை அந்த ரஜாய்க்குச் செய்திருந்தது. கால்சட்டைக்காரனுக்கு அது எப்படித் தெரியும்? "முழங்காலில் போட்டுத் தைடா" என்று நான் சொல்லியிருந்தால் முடிந்தது. கீழே பாயில் உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டு, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் அவன் ஊசியை வைத்துவிட்டுத் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கை ஒரு தடவை குடுத்துச்சுண்ணே. இப்ப குடுக்க மாட்டேங்குது" என்றான். "நல்லா யோசி, வரும்" என்றேன்.

மேட்ரனம்மா வந்தார். முன்பு போலவே ஏறிப் படுத்தார், எழுந்துவிட்டார். "இது சும்மா போர்வை மேன். சும்மா போர்வைன்னா நல்லாத் தைச்சதையே எடுத்துக்கறேன்" என்று என் ரஜாயைக் காட்டினார். பன்னிரண்டும் நான்தான் தைத்தேன், டேபிளின் மேல் உட்கார்ந்து. ரத்தினம் தன் ஊசிகளைப் பழைய சிகரெட் டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அன்றிலிருந்து பேட்டை முழுக்க ஒரே பேச்சு: டேபிள் கிடைத்ததும் ரத்தினத்துக்குத் தலைக்கனம் வந்துவிட்டது, கவனம் போய்விட்டது. அவன் மனைவி தனமே குழாயடியில் கத்தினாள். "மேல உக்கார வெச்சாங்கல்ல, அந்தத் திமிரு! தரையில இருந்தவரைக்கும் ஒழுங்கா தைச்சாரு!" அவளுக்குத் தெரியாமலே பாதிக் காரணத்தைச் சொல்லிவிட்டாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சரி, அவன் கஷ்டப்பட்டான், நான் நன்றாக இருந்தேன் என்று சொன்னால் எனக்காவது திருப்தியாக இருக்கும். நடந்தது வேறு. ஒக்கலிபுரத்துக்குக் குடிபோய், ரயிலடி ஜட்கா வண்டிகளுக்கு மெத்தை தைத்தான். வண்டிக்காரர்கள் அவனை நடக்க விடமாட்டார்கள். சந்தைக்கு வண்டி, கோயிலுக்கு வண்டி. ஒருமுறை மழையில் நான் நனைந்துகொண்டு போக, பக்கத்தில் ஒரு ஜட்கா நின்றது. உள்ளே இவன்! "ஏறுண்ணே, நான் தைச்ச மெத்தைதான், தட்டையா இருக்கும், பயப்படாத" என்றான். தன் தோல்வியை வைத்தே சிரிக்க அவனால் முடிந்தது. எனக்கு என் வெற்றியை வைத்துச் சிரிக்க முடியவில்லை. ஏறாமல் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனேன்.

போன மாதம் அவனுக்கு நெஞ்சுச் சளி என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் பழைய துரைகளைப் பற்றிப் பேசினோம். பிறகு திடீரென்று கேட்டான்.

"அண்ணே, அந்த மொத ரஜாய் ஏன் அப்படிச் சுருண்டுச்சு? நீ காலர் தைச்ச ஆளு. உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

இருபது வருஷத்துக்குப் பிறகு கேட்கிறான். அப்போது எனக்கு இழக்க ஒன்றும் இல்லை. கடையில் என்னைத் தவிர யாரும் இல்லை, காலர் தைக்கச் சொல்லி யாரும் வருவதில்லை. ஆனாலும் அந்த ரஜாயை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிந்தது. அத்தனை தப்போடு அத்தனை அழகான ஒன்றை நான் தைத்ததே இல்லை.

"நூல் ஈரமா இருந்திருக்கும்" என்றேன்.

"அதான்! ஈரந்தான். எனக்குத் தோணவே இல்ல பாரு" என்று கண்ணை மூடிக்கொண்டான். விடை கிடைத்துவிட்ட முகம். நான் சொன்ன பொய்யை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினான். எனக்கு அப்படி ஒரு தூக்கம் வந்து எத்தனையோ வருஷமாயிற்று.

கருமாதி முடிந்து எல்லோரும் போன பிறகு தனத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். டேபிளில் இடம் கொடுக்காததையும், முழங்காலையும், ஈர நூல் என்று சொன்ன பொய்யையும். அவள் எச்சில் இலைகளை அள்ளிக்கொண்டிருந்தாள். நிறுத்திக் கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"திமிரு திமிருன்னு நானும் இத்தினி வருஷம் அவரைச் சொல்லிட்டேனேண்ணே. சோத்தைப் போட்டுட்டுச் சொல்லியிருக்கேன், புள்ளைங்க முன்னாடி சொல்லியிருக்கேன். அதையெல்லாம் இப்ப எங்க போய்த் திருப்பி வாங்கிக்குவேன்?"

மறுபடி இலைகளை அள்ளத் தொடங்கினாள். "எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதாது. அவரை அப்படிப் பேசினவங்க எல்லாருக்கும் சொல்லு" என்றாள். அதனால்தான் இதை உங்களுக்குச் சொல்கிறேன். முனிரத்தினத்துக்குத் தலைக்கனம் வரவில்லை. அவன் கை கெட்டுப்போகவும் இல்லை. முழங்காலின் மேல் போட்டுத் தைத்திருந்தால் பன்னிரண்டு ரஜாயும் சுருண்டிருக்கும்.

அவனுக்குச் சேர வேண்டியது என்று என்னிடம் இருப்பது இந்த ஒரு பதில்தான். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டால் என்னை விட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். கேட்டவன் அவன் ஒருவன்தானே, இதை வேறு யார் வாங்கிக்கொள்வார்கள்? என்னிடமே இருக்கிறது.