ராக்கெட்டை மணியாக்கிய கதை

ஐந்தாம் வகுப்பு படித்தபோது, எங்கள் ஊரில் என்னைவிடச் சாமர்த்தியசாலி யாரும் கிடையாது என்பது என் எண்ணம். ராக்கெட்டுக்கு வீடு தேடும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டதும் அந்தத் தைரியத்தில்தான்.

ராக்கெட், சித்தப்பா ஒரு பாழுங்கிணற்றில் இறங்கிக் கூடையில் தூக்கி வந்த நாய். வரும்போது எலும்பும் தோலுமாக இருந்தது. ஒரு மாதம் எங்கள் வீட்டுக் களியைத் தின்றபின் அது ஓரிடத்தில் நின்று யாரும் பார்க்கவில்லை. கொடியில் காயும் துணியை இழுக்கும், கோழியைத் துரத்தும், பள்ளிக்கூட வேன் பின்னாலேயே கடத்தூர் வரை ஓடும். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட அம்மா, அது பட்டுப்புழுக் கொட்டகைக்குள் புகுந்த அன்றுதான் பொறுமை இழந்தாள். புழு வளர்க்கும் வீட்டில் கொட்டகைதான் கோயில். வாசலில் இருக்கும் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கால் நனைக்காமல் கூடப்பிறந்த தம்பியைக்கூட அம்மா உள்ளே விட்டதில்லை. ராக்கெட் சேற்றுக்காலோடு போய் இரண்டு தட்டுப் புழுக்களை மிதித்து நசுக்கிவிட்டது.

“வர்ற புதங்கெழம புதுப் புழு வருது. அதுக்குள்ள இது வேற வூட்டுக்குப் போயிருக்கணும்” என்றாள். இல்லாவிட்டால் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் எங்காவது விட்டுவிடுவதாகச் சித்தப்பா சொன்னார். கிணற்றிலிருந்து தூக்கியவரே அப்படிச் சொன்னது எனக்கு ஆத்திரமாக வந்தது.

என் திட்டம் எளிது. சாயங்காலம் மல்பெரித் தோட்டத்தைச் சுற்றி ராக்கெட்டை நாக்குத் தள்ளும்வரை ஓடவிடுவேன். நானும் கூடவே ஓடுவேன். அது சுருண்டு படுத்ததும் ஆளைக் கூட்டிவந்து காட்டுவேன். “பேரு மணிங்க. ரொம்பச் சாதுங்க, இருக்கற எடமே தெரியாது” என்பேன்.

முதலில் ஏமாந்தது தையல்கடை அத்தை. மறுநாள் காலையில், ஒரு கையில் கிழிந்த ரவிக்கைத் துணியும் மறுகையில் மணியுமாக வந்து நின்றார். அடுத்து ஏமாந்தது பெரிய மாமா. அவர் திருப்பிக் கொடுக்க வரவே இல்லை. அவருடைய செருப்பைக் கவ்விக்கொண்டு மணியே வந்து சேர்ந்தது. நான் அசரவில்லை. இன்னும் இரண்டு சுற்று கூடுதலாக ஓடவைக்க வேண்டும் என்று மட்டும் முடிவு செய்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை நான் பல்கூட விளக்கவில்லை, வத்தல்மலைப் பெரியவர் ஒருவர் நாய் கேட்டு வாசலில் நின்றார். சந்தைக்குச் சாமை கொண்டுவந்தவர். ராக்கெட் அவருடைய தோள்துண்டை உருவிக்கொண்டு தோட்டத்தை மூன்று சுற்று சுற்றியது. எனக்கு உயிரே போய்விட்டது. “இன்னிக்கி மட்டுந்தாங்க இப்பிடி” என்று உளறினேன்.

அவர் சிரித்தார். “ஏம் பாப்பா, படுத்துக் கெடக்கற நாய வெச்சுக்கிட்டு நா என்ன பண்றது? ராவானா பன்னி வந்து சாமைய மேயுது. இவன மாதிரி ஒருத்தந்தான் வேணும்.”

துண்டின் ஒரு முனை அவர் கையிலும் மறுமுனை ராக்கெட்டின் வாயிலுமாக இருவரும் மலைக்குப் போகும் ஜீப்பில் ஏறினார்கள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். ஆனாலும் வீடு பிடித்துக் கொடுத்தது நான்தான் என்று பள்ளியில் வெகுநாள் பெருமையடித்துக்கொண்டேன்.

பல வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். தலைகுனிந்து வாய் திறக்காமல் உட்காரும்படி அத்தைமார் பாடம் நடத்தியிருந்தார்கள். அம்மா காபித் தட்டை வைத்துவிட்டு வந்தவர்களிடம் சொன்னாள்: “எம் பொண்ணு அடங்கி ஒக்கார மாட்டாங்க. வேலைக்குப் போவா, வண்டி ஓட்டுவா, எதுத்துப் பேசுவா. இதெல்லாம் புடிச்சா மேக்கொண்டு பேசலாங்க.” அவர்கள் காபி ஆறுவதற்குள் எழுந்து போனார்கள். அடுத்து வந்தவர்களும் போனார்கள். மூன்றாவதாக வந்த வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். இன்று அதுதான் என் வீடு.

ஏன் அப்படிப் போட்டு உடைத்தாய் என்று அம்மாவிடம் கேட்டேன். “நீ ஓட வெச்சு ஓட வெச்சுக் காட்டுன நாயி ரெண்டு வாட்டி திரும்பி வந்துச்சே, மறந்துட்டியா? அதாண்டி அந்த மலைக்காரர வெடிஞ்சதும் வரச் சொன்னேன்” என்றாள்.

அவரை யார் வரச் சொன்னது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. நாங்கள் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிய சாயங்காலங்களில், கொட்டகை வாசலில் நின்று அம்மா பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நாயைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.