வேலிக்கு அந்தப் பக்கம் எர்த் குழி

தவசிக்கு யாரோடும் ஒத்துப்போகாது. போன புரட்டாசியில் அவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனவர்கள்கூட வழிநெடுக அவர் போட்ட சண்டைகளைத்தான் பேசிக்கொண்டு போனார்கள். அண்ணனோடு போட்டது பெரிய சண்டை. மகளோடு போட்டது அதற்கு அடுத்தது. இரண்டும் ஒரே குழியில் வந்து முட்டிய நாள் ஒன்று உண்டு.

திருவாடானைப் பக்கம் மிளகாய் போட்டுப் பிழைத்த குடும்பம். தன் பங்கு நிலத்தை விற்று, கோயம்புத்தூரில் யாரோ கழித்துப்போட்ட ஒயர்கட் மிசினை வாங்கி வந்து, தேவிபட்டினம் ரோட்டில் பட்டறை வைத்தார். முடி கனத்தில் ஒரு கம்பி. அதிலிருந்து பொறி தெறித்துத் தெறித்து இரும்பை அறுக்கும். விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சின் பல்சக்கரத்துக்குள், அதைத் தண்டோடு பூட்டும் இரும்புச் சாவி உட்காரும் பள்ளத்தை அந்த மிசினில் வெட்டித் தருவார். வாடிக்கைக்காரரைத் திட்டிக்கொண்டேதான் வெட்டுவார்.

உப்புக்காற்று பழைய கண்ட்ரோல் போர்டைத் தின்றுவிட்டது. அதற்கு உதிரி இப்போது எங்கும் இல்லை. ஓசூரில் மிசின்களைக் கம்ப்யூட்டரால் நகர்த்தும் மோஷன் கண்ட்ரோல் வேலை பார்க்கும் மகள் துர்காதேவி லீவு போட்டு வந்தாள். வந்த அன்றே பழைய கண்ட்ரோல் பெட்டியைக் கழற்றி வெயிலில் வைத்தாள். புது சர்வோ மோட்டார், இரும்பைத் தாங்கும் மேசை நகர்வதை எண்ணிச் சொல்லும் என்கோடர், ஒரு கம்ப்யூட்டர் என்று வரிசையாக மாட்டினாள்.

"ஏ புள்ள, என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேணாம்பீக."

"வேணாம்னா வேணாம்தான?"

"அதான் கேக்கல."

அன்றிலிருந்து அவள் ஆக்கிய சோற்றைத் தவசி தொடவில்லை. டீக்கடை புரோட்டாதான்.

பொறி இல்லாமல் ஓட்டினால் மேசை புறப்பட்ட இடத்துக்கே சரியாகத் திரும்பியது. பொறியைப் போட்டதும் தடுமாறியது. வெட்டு, தொடங்கிய இடத்தில் வந்து சேராமல் தள்ளி முடிந்தது. தவசிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஆனால் மண்டபத்துப் படகுக்காரரின் சக்கரம் மேசைமேல் கிடந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்கு இறங்கப்போகும் நேரம். "நாளைக்கு இல்லைன்னா மதுரைக்குக் கொண்டுபோறேன். மத்தவகளும் என் பின்னாலதான் வருவாக" என்று அவர் சொல்லிப் போயிருந்தார். அவர்கள் போனால் பட்டறைக்குப் பூட்டுதான்.

துர்காதேவி மீட்டரை வைத்துப் பார்த்தாள். "எர்த் செத்துக் கெடக்கு. பொறியோட கரண்டு இரைச்சல் மண்ணுக்குள்ள எறங்காம என்கோடர் ஒயர்ல ஏறுது. எண்ணிக்கை தப்புது."

"பழசு ஓடுச்சுல்ல?"

"பழசு எண்ணவே இல்லைய்யா. நகருன்னா நகரும், அம்புட்டுத்தான். அது செவிடு."

உப்பும் கரியும் கொட்டிச் செம்புத் தகடு புதைத்த எர்த் குழி பட்டறைக்குப் பின்னால் இருந்தது. ஈரம் காயாமல் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்ற வழியில்லை. மனையை அண்ணன் ராக்கப்பனோடு சேர்ந்து வாங்கி, பிறகு சண்டையில் பிரித்தபோது, சர்வேயர் நட்ட கல் குழியை அந்தப் பக்கம் தள்ளிவிட்டது. ராக்கப்பன் தன் பாதியைக் கருவாட்டுக் குடோனுக்கு வாடகைக்கு விட்டார். தம்பி மூக்கைப் பிடித்துக்கொண்டு சாகட்டும் என்றுதான் விட்டார் என்பது தவசியின் கட்சி. குழிமேல் அண்ணன் தகரம் போட்டுக் கல்லும் வைத்திருந்தார்.

"நம்ம பக்கம் புதுசா ஒண்ணு தோண்டிருவோம்" என்றாள் மகள்.

"தோண்டுனா? பழசு அவனோடதுன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிராதா? மிசினு துருப்பிடிச்சு நாறட்டும்."

"நாறட்டும். நான் ராத்திரி பஸ்ஸுக்குக் கெளம்புறேன்."

தவசி குடத்தை நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு முள்கம்பியைத் தாண்டினார்.

அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று வருஷங்கள் ஆகின்றன. எல்லாம் ஜாடைதான். குடோன் நிழலில் நாற்காலி போட்டிருந்த ராக்கப்பன், காலடியில் படுத்திருந்த நாயிடம் சொன்னார்: "வேலின்னா என்னன்னு ஒனக்குத் தெரியுது. சிலதுகளுக்குத் தெரியல பாரு."

தவசி குடத்திடம் சொன்னார்: "இந்தக் குழிய வெட்டுனப்ப பீடி குடிச்சுக்கிட்டு வேடிக்கை பாத்தது யாருன்னு கேளு."

குடத்தை இறக்கி வைத்து, கல்லைத் தள்ளித் தகரத்தை இழுத்தார். ராக்கப்பன் எழுந்து வந்து தகரத்தின்மேல் காலை வைத்தார்.

"ஏலே தவசி! ஊத்திக்கிறவான்னு கேட்டுட்டு ஊத்துலே."

நேருக்கு நேர் வந்த வார்த்தை. தவசி தகரத்தை விடவில்லை.

"என் குழிக்கு ஒன்கிட்ட எதுக்குக் கேக்கணும்? கால எடு."

ராக்கப்பன் குடத்தை ஓங்கி உதைத்தார். அது உருண்டு கவிழ்ந்தது. தண்ணீர் தகரத்துக்கு அடியில் புகுந்து குழிக்குள்தான் இறங்கியது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"ரொம்ப நன்றி" என்றார் தவசி. அடுத்த குடத்துக்குப் போனார். அதற்கடுத்ததுக்கும்.

"அய்யா, எர்த் சரியாகுது! போட்டுறவா?" என்று உள்ளேயிருந்து துர்காதேவி கத்தினாள்.

"போடு!"

"போடுவியா? போடு" என்று ராக்கப்பன் குழியிலிருந்து பட்டறைக்குப் போகும் செம்புப் பட்டையைப் பார்த்துக் குனிந்தார். "பிடுங்கி எறிஞ்சுட்டா என்ன செய்வ?"

தவசி அந்தச் சேற்றிலேயே பட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார். ராக்கப்பன் நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டார். அப்பன் சொத்து, அம்மா சாவுச் செலவு, கல்யாணப் பந்தியில் யாரை எங்கே உட்கார வைத்தார்கள் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மிசின் சீரான இரைச்சலோடு வெட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய்ப் பார்க்கத் தவசிக்குக் கால் துறுதுறுத்தது. எழுந்தால் பட்டை போய்விடும்.

பொழுது சாய்கிற நேரத்தில் இரைச்சல் நின்றது. படகுக்காரரின் குரல் கேட்டது. சாவி பள்ளத்தில் போய் உட்காரும் சத்தமும் கேட்டது.

"சுத்தமா இருக்கு. அய்யா எங்கன?"

"பின்னால. பெரியப்பாவோட பேசிக்கிட்டிருக்காக."

"பேசலை புள்ள, வையிறேன்!" என்று தவசி சேற்றிலிருந்தே கத்தினார்.

புதுக் கண்ட்ரோலில் அவருடைய மிசின் வெட்டிய முதல் சக்கரம், அவர் பார்க்காமலே மண்டபத்துக்குப் போய்விட்டது.