தந்தியில் வந்த 'கிரேவ்'

ஐம்பதுகளின் நடுவில், கல்யாணமாகித் திருவள்ளூருக்கு நான் வந்த புதிது. எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த பெண் நான் ஒருத்திதான். இங்கிலீஷில் எது வந்தாலும் என்னிடம்தான் எடுத்து வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா கையில் தந்தியோடு ஓடி வந்தார். பழவேற்காட்டில் பிறந்த முஸ்லிம் பெண். கணவர் சரக்கு எடுக்க மெட்ராஸ் போயிருந்தார்.

"உம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு போன வாரமே சொல்லி அனுப்பினாங்க. இன்னா எழுதிக்கீதுன்னு பாரு தங்கச்சி" என்றார்.

'மதர் கிரேவ், கம்.' அவ்வளவுதான். கிரேவ் என்றால் கல்லறை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். ஆனாலும் ஏதோ இடித்தது. இரண்டு தெரு தள்ளித்தான் தபாலாபீஸ், போய்க் கேட்டிருக்கலாம். எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

"அடக்கம் பண்ணிட்டாங்க போல இருக்குக்கா. உங்கள வரச் சொல்லியிருக்காங்க" என்றேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று அழுதார். எல்லாம் முடிந்துவிட்டது, இனி அவசரம் என்ன என்று கணவருக்காகக் காத்திருந்து, மறுநாள் காலையில்தான் ரயிலேறினார்கள்.

பத்து நாள் கழித்துத் திரும்பியவர்களை விசாரிக்கப் போனேன். அக்கா நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவர் கணவர்தான் சொன்னார். தந்தி வந்த அன்று அந்த அம்மா உயிரோடு இருந்திருக்கிறார். பொழுது சாயும்வரை மகள் வந்துவிட்டாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். விளக்கு வைத்த பிறகுதான் உயிர் போயிருக்கிறது. மறுநாள் இவர்கள் போய்ச் சேர்வதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, என் கணவரிடம் சொல்லி ஒரு பெரிய அகராதி வாங்கிவரச் செய்தேன். கிரேவ் என்று இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று, தோண்டுவதைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்தது, அதுதான் கல்லறை. மற்றது லத்தீனில் கனம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. நிலைமை கவலைக்கிடம் என்று அதற்கு அர்த்தம். எழுத்து ஒன்று, பிறப்பு வேறு.

அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தேகம் வந்தும் கேட்காமல் விட்டதையும் மறைக்கவில்லை. அவர் திட்டவில்லை.

"தெரிலக்கான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே தபாலாபீசுக்கு ஓடியிருப்பேனே தங்கச்சி" என்றார்.

அதன்பின் எத்தனையோ பேருக்குப் படித்துச் சொல்லியிருக்கிறேன், தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூசியதே இல்லை. ஆனால் அந்த அக்கா தன் உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய ஒரு சாயங்காலத்தை என்னால் எப்படித் திருப்பித் தர முடியும்?