நாய்க்குக் கட்டிய கோவணம்

திருவிதாங்கூர் ராஜ்யத்தில் நாய்க்குக் கோவணம் கட்டிய ஒரே குமாஸ்தா நானாகத்தான் இருப்பேன். பழி என்னுடையதல்ல, ஒரு சொல்லுடையது என்று வாதாடிப் பார்த்தேன், கேட்க ஆளில்லை.

செங்கல் என்ற ஊரில் எங்கள் வீட்டு நாய் தின்றதைத் தின்றவுடனே வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஓங்கரிப்பு கிடையாது, தலை குனிந்தால் போதும், சோறு சோறாகவே வந்து விழும். விலா எலும்பு துருத்திவிட்டது. அதைக் குட்டியிலிருந்து வளர்த்தவள் என் மனைவி. நாய் வயிறு காய்ந்து கிடந்த நாளெல்லாம் அவளும் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் வேலை பார்த்த நெய்யாற்றின்கரைத் தாலுகா கச்சேரி வாசலில், வில்வண்டி ஏறப்போன மிருக வைத்தியரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். "எறக்கமாக்கும். நாயக் கொண்டு வாரும்" என்றார். வண்டி போய்விட்டது.

இறக்கம் என்றால் நான் அறிந்தது குடலிறக்கம். எங்கள் கச்சேரியிலேயே அதற்குக் கச்சை கட்டியவர்கள் உண்டு. வீட்டுக்குப் போய் என் பழைய வேட்டியைக் கிழித்தேன்.

"என்ன செய்யிய?" என்றாள் மனைவி.

"எறங்கினத ஏத்திக் கெட்டுதேன்."

"சோறு வாறது வாய் வழியா. நீங்க கெட்டுதது எங்க?"

அவள் சொன்னதற்காகக் கட்டியதை அவிழ்க்க மனம் வரவில்லை. மறுநாள் அந்தக் கோலத்திலேயே நாயைக் கொண்டுபோனேன். வைத்தியர் சிரித்து முடிக்கும்வரை நானும் நாயும் காத்து நின்றோம்.

"ஓய், நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு தட்டி உண்டு. சோறு போற குழல் அதுல ஒரு துவாரம் வழியாத்தான் கீழ எறங்கும். துவாரம் தளந்துபோனா இரைப்பை நெஞ்சுக்குள்ள ஏறிரும்."

"அப்ப அது ஏத்தம்லா? எதுக்கு எறக்கம்னு சொன்னிய?"

"எடம் விட்டுப் போனா எல்லாம் எறக்கம்தான்."

"உள்ள பாக்காம எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. ஊகமாக்கும். முன்னங்கால உசரத்துல நிறுத்தி, கொஞ்சங் கொஞ்சமா கஞ்சி குடும். குடிச்ச பெறவும் சித்த நேரம் அப்பிடியே நிக்கட்டு. கஞ்சி உள்ள தங்கினா நான் சொன்னது சரி."

வீட்டுக்கு வந்து, உரலின் விளிம்பில் நாயின் முன்னங்கால்களைத் தூக்கி வைத்தோம். மனைவி கிண்ணத்தைப் பிடித்தாள், நான் நாயைப் பிடித்தேன். கஞ்சி உள்ளே போனது. இருவரும் மூச்சடக்கி அதன் வாயையே பார்த்தோம். ஒரு ஏப்பம் வந்தது. வேறொன்றும் வரவில்லை. அடுத்தடுத்த வேளைகளிலும் அப்படியே. மனைவி அன்றுதான் மறுசோறு போட்டு உண்டாள்.

நானும் வயிறு முட்டத் தின்றுவிட்டுப் பாயில் சாய்ந்தேன். நெஞ்சில் புளிப்பு ஏறியது. புதுச் சந்தேகம் பிறந்தது.

"எட்டி, சாப்பிட்டுக் கெடந்தா எனக்கும் புளிச்சுப் புளிச்சு மேல வருது. எனக்க உள்ளயும் அந்தத் துவாரம் தளந்திருக்குமோ?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரலு அங்கதான் கெடக்கு."