டானர் தெருவுக்கு நடுவே ஒரு கோடு

வெர்னா கோசின்ஸ்கி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், என் அடுத்த வீட்டுக்காரி. பெருமழை பெய்தால் டானர் தெருச் சாக்கடை பொங்கி வந்து அவள் வீட்டு நிலவறையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். எத்தனை மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. கவுன்சிலர்கள் ஏழு பேரையும் ஊரே சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எங்கள் நகரச் சாசனத்தில், அதாவது ஊர் நிர்வாகச் சட்டத்தில், உள்ள விதி. மேட்டுப் பக்கம் ஆள் அதிகம், ஏழு பேரும் அங்கிருந்தே வருவார்கள். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், பள்ளத்தில் இருக்கும் எங்களை, ஒரு பயலும் எட்டிப் பார்த்ததில்லை.

"வார்டு வார்டாப் பிரிச்சாத்தான் நமக்குன்னு ஒரு ஆள் வருவாங்க" என்று வெர்னா கிளம்பினாள். கூடவே எதிர்வீட்டு ஒடெஸா டில்லரி. இதைப் பொது ஓட்டுக்கு விடச் சொல்லி, பனியில் வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். நவம்பரில் ஊர் ஓட்டுப் போட்டுச் சாசனத்தையே மாற்றிவிட்டது. அடுத்த தேர்தலில் ஒடெஸா நிற்பதாகப் பேச்சு.

அப்புறம் வார்டு வரைபடம் வந்தது. எல்லா வார்டிலும் மக்கள்தொகை சமமாக இருக்க வேண்டுமாம். அதற்காகக் கோட்டை எங்கள் தெரு நடுவிலேயே இழுத்துவிட்டார்கள். ஒடெஸா பக்கம் நான்காம் வார்டு. எங்கள் பக்கத்தை மேட்டோடு சேர்த்து மூன்றாம் வார்டாக்கிவிட்டார்கள்.

"என்னடி இது? ஒனக்கு நான் ஓட்டுப் போட முடியாதா?"

"முடியாதாம்."

"நான் அலைஞ்சு வாங்குன சட்டம்டி அது!"

"எனக்கும் ஒண்ணும் வெளங்கல வெர்னா."

ஆனாலும் வெர்னா ஒடெஸாவுக்காக அலைந்தாள். ஒடெஸா ஜெயித்தாள். வசந்தத்தில் அவள் பக்கத்துச் சாக்கடைக்குப் புதுக் குழாய் பதித்தார்கள். அடுத்த மழையில் வெர்னாவின் நிலவறை மறுபடி நிறைந்தது.

வெர்னா நகர மன்றக் கூட்டத்துக்குப் போய் ஒலிவாங்கி முன் நின்றாள். மூன்றாம் வார்டு கவுன்சிலர், நல்ல மனுஷன், தலையைச் சொறிந்தார். "டானர் தெருவா? அது ஒடெஸா அம்மா ஏரியா இல்லையா?"

ஒடெஸாவின் முகம் சுண்டிவிட்டது. "அந்தப் பக்கம் என் வார்டுல இல்லீங்க. என் வார்டுப் பணத்த அங்க தொடக் கூடாதுங்கறாங்க."

வெர்னா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ என் வீடு எங்கதாங்க இருக்கு?"

அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

வீடு திரும்பியதும் நானும் வெர்னாவும் நிலவறைக்குள் பம்பை இறக்கினோம். தண்ணீரில் நின்றபடியே அவள் கேட்டாள். "நாம ஜெயிச்சோமா, தோத்தோமா? நெசமாக் கேக்கறேன், சொல்லு."

நான் பம்பை ஓடவிட்டேன்.